பூச்சி அரிக்காத மரத்தின் சாம்பல்

கெட்டுப்போன சூளையைப் பற்றி உங்களுக்குச் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். கிளேஸ், அதாவது சூட்டில் உருகிக் கண்ணாடியாகும் மேல்பூச்சு, வழிந்து தட்டு சூளைப் பலகையோடு ஒட்டிக்கொண்டால் என்ன செய்வது, கொப்புளம் கொப்புளமாக வந்தால் எதைக் குறைப்பது, விளிம்பில் விரிசல் ஓடினால் யாரைத் திட்டுவது, எல்லாவற்றுக்கும் புத்தகம் இருக்கிறது. இப்போது கைப்பேசியிலேயே காணொளிகளும் வந்துவிட்டன. நான் எழுத உட்கார்ந்தது நன்றாக வந்த ஒரு சூளையைப் பற்றி. என் பணிக்காலத்தில் அவ்வளவு அழகாக வந்த சூளை வேறில்லை. அதைப் போல் என்னைக் கெடுத்ததும் வேறில்லை.

தேதி குறித்து வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தச் சூளையை எந்த நாளில் மூடினோம், அன்று மழையா வெயிலா என்றெல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே ஆண்டைச் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள், ஒருவர் தொழிலும் நடத்துகிறார். பூந்தமல்லி சாலையில் மெட்ரோ தூண்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருமழிசை தொழிற்பேட்டையில் ஒரு ஸ்டோன்வேர் தொழிலகத்தில் நான் சூளைக்கும் கிளேஸுக்கும் பொறுப்பாக இருந்தேன். பீங்கானைப் போல வெளுப்பாகவும் மெல்லியதாகவும் இல்லாமல், கல் மாதிரி கனமாக இறுகும் தட்டு, கிண்ணம், குவளை. எங்களிடம் ஒரே ஒரு கிளேஸ்தான் இருந்தது. ஒரே தொட்டி. வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு இது கஞ்சத்தனமாகத் தெரியும். அது ஒரு கொள்கை. தட்டின் முகத்தில் மேடும் பள்ளமும் இருந்தால், ஒரே கிளேஸ் பல நிறமாகத் தன்னைப் பிரித்துக்கொள்ளும். மேட்டில் அது நிற்காமல் வழிந்து மெலிந்துபோகும், அடியிலிருக்கும் மண்ணின் பழுப்பு எட்டிப் பார்க்கும். பள்ளத்தில் தேங்கும், தேங்கிய இடத்தில் நிறம் ஆழமாகும். தூரிகையும் வேண்டாம், இரண்டாவது நிறமும் வேண்டாம். செதுக்கியவரின் கை எப்படிப் போனது என்பதைக் கிளேஸ் வரிக்கு வரி படித்துக் காட்டும். நல்ல கைக்கு அது பெருமை. சோம்பேறிக் கைக்கு அவமானம்.

எங்கள் கிளேஸில் பாதி சாம்பல். அது கரையான்சாவடியில் விறகு அடுப்பு வைத்திருந்த தனபால் என்பவரின் பேக்கரியிலிருந்து வரும். அவர் எரிப்பது சவுக்கு. சவுக்குச் சாம்பலைச் சலித்து, நீரில் அலசி, உலர்த்தி, அரைத்த கல்லோடும் களிமண்ணோடும் கலந்தால், எங்கள் மின்சூளையில் தேன் நிறம் வரும். பள்ளத்தில் கொஞ்சம் பச்சை சாய்ந்த தேன். பல வருடங்களாக அதே தேன். சிலருக்கு அலுத்துவிட்டது. எனக்கு அலுக்கவில்லை. மாறாத ஒன்றை மாறாமல் வைத்திருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

தட்டுகளின் முகத்தில் மேடு பள்ளம் போடுகிற பிரிவில் ஐந்தாறு பெண்கள் இருந்தார்கள். அவர்களில் ரோஸ்லின் தனி. ஆவடிக்காரர். கணவருக்கு அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை. இரும்பைக் கடையும்போது சுருண்டு விழும் சீவலை அவர் ஒரு சாக்கில் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். ரோஸ்லின் அந்தச் சுருள்களை ஈர மண்ணில் வைத்து உருட்டி அழுத்துவார். எடுத்தால் மண்ணில் ஒரு வாய்க்கால் பின்னல் இருக்கும். சில இடத்தில் ஆழம், சில இடத்தில் வெறும் கீறல். எந்தத் தட்டும் இன்னொன்றைப் போல இராது, ஆனால் எல்லாம் ஒரே கை என்று தெரியும். வெளிநாட்டுச் சூளைக்காரர்கள் கயிற்றை உருட்டியும் மரப்பட்டையை அழுத்தியும் செய்த வேலைகளைப் படங்களில் நிறையப் பார்த்திருக்கிறேன். இரும்புச் சீவலை நான் எங்கும் படித்ததில்லை. அவரிடம் சொன்னேன். "அவங்க ஊட்ல லேத்துக்காரன் இல்ல போல சார்" என்றார்.

இவ்வளவு வேலை தெரிந்தும் அவர் ஒப்பந்தத் தொழிலாளிதான். வருடத்துக்கு வருடம் புதுப்பிப்பார்கள், நிரந்தரம் செய்யமாட்டார்கள்.

அந்த ஆண்டு நகரத்தில் ஒரு பெரிய ஹோட்டல் புதிய உணவுக்கூடம் திறக்கவிருந்தது. அதன் தலைமைச் சமையல்காரர் எங்கள் இடத்துக்கே வந்து தட்டுகளைப் பார்த்தார். ரோஸ்லினின் பின்னல் அவருக்குப் பிடித்தது, தேன் நிறம் பிடிக்கவில்லை. பழைய ஜாடி மாதிரி இருக்கிறது என்றார். ஆனாலும் ஒரு சூளை சுட்டு மாதிரி காட்டுங்கள், பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். எங்கள் எம்.டி. அன்று மாலையே ரோஸ்லினை அழைத்து ஒரு வாக்குக் கொடுத்தார். ஹோட்டல் எடுத்துக்கொண்டால் அந்தப் பிரிவுக்கு அவர்தான் தலைவி, வேலை நிரந்தரம், தட்டின் அடியில் அவர் பெயரை முத்திரையாகப் பதிக்கலாம். எம்.டி. அப்பாவின் தொழிலை எடுத்து நடத்துகிறவர், படித்தவர், கெட்டவர் என்று நான் எழுதினால் அது பொய். அந்த வாக்கை அவர் மனதாரத்தான் கொடுத்தார்.

அந்தச் சூளையைப் புரட்டாசி கடைசி வாரத்தில் ஏற்றினோம். ஆயுத பூஜைக்கு முந்தைய வியாழக்கிழமை காலை திறந்தோம். கதவு விலகியது. தேன் இல்லை. மேடெல்லாம் காய்ந்த புளியங்கொட்டைப் பழுப்பு. பள்ளமெல்லாம் நீலம் கலந்த பச்சை, செம்பரம்பாக்கம் ஏரி நிரம்பி நிற்கும்போது மதகடியில் தெரிகிற பச்சை. வாய்க்கால்கள் ஒவ்வொன்றிலும் கண்ணாடி போல அது தேங்கி நின்றது. ரோஸ்லின் ஒரு தட்டை எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: "இன்னா சார் போட்டீங்க? இத்தினி வருஷம் இத்த எங்க ஒளிச்சி வெச்சிருந்தீங்க?"

நான் ஒன்றும் போடவில்லை. அதுதான் என் நெஞ்சில் இடித்தது.

இந்தத் தொழிலுக்கு வரும் இளையவர்களே, இந்த இடத்தில் நின்று கவனியுங்கள். நீங்கள் எதையும் மாற்றாமல் நிறம் கெட்டுப்போனால், உடனே காரணம் தேடுவீர்கள். யாரும் சொல்ல வேண்டியதில்லை. எதையும் மாற்றாமல் நிறம் அழகானால் தேடமாட்டீர்கள். கடவுள் கொடுத்தார், அக்கினி கொடுத்தது என்று சொல்லிக்கொள்வீர்கள். அன்று எங்கள் தொழிலகத்தில் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். மறுவாரம் ஆயுத பூஜையில் சூளைக்கு வழக்கத்தைவிடப் பெரிய மாலை போட்டு, பூசணிக்காய் உடைத்தார்கள். எம்.டி. அதற்குள் படங்களை அனுப்பிவிட்டார். ஹோட்டலிலிருந்து பதிலும் வந்துவிட்டது. இதே பச்சை வேண்டும், இதைத் தவிர வேறு வேண்டாம், மார்கழி இசைவிழாக் கூட்டம் வருவதற்குள் வேண்டும்.

எனக்குத் தெரிந்த எளிய சோதனை ஒன்றைச் செய்தேன். மேலை நாட்டுச் சூளைக்காரர்கள் எலுமிச்சைத் துண்டை வைத்துப் பார்ப்பார்கள். நம் ஊரில் தட்டுக்கு எதிரி புளிதான். ரசமும் வத்தக்குழம்பும் ஊறுகாயும் ஊற்றித் தாங்காத கிளேஸ் நமக்கு எதற்கு. ஒரு தட்டை உடைத்து, பாதித் துண்டைக் கெட்டியான புளிக்கரைசலில் சனிக்கிழமை மாலை நிறுத்தி வைத்தேன். செவ்வாய்க்கிழமை காலை எடுத்தேன். கரைசல் தொட்ட இடத்தில் பளபளப்பு போய், பச்சை வெளிறி, நீர் நின்ற மட்டத்தில் கோடு போட்டது போல இருந்தது. பழைய தேன் நிறத் தட்டுத் துண்டையும் பக்கத்திலேயே நிறுத்தியிருந்தேன். அது அப்படியே இருந்தது.

புளி எதையோ கரைத்து வெளியே எடுத்திருந்தது. எதை என்பதுதான் கேள்வி.

கல் அதே குவாரி, களிமண் அதே மூட்டை, சூட்டின் அளவும் அதே. மிச்சம் சாம்பல்தான். மதியமே கரையான்சாவடிக்குப் போனேன். தனபால் அடுப்புக்கு முன்னால் மாவுக் கையோடு நின்றிருந்தார்.

"இன்னா சார், சாம்பலுக்கு நீங்களே வந்துகீறீங்க? போன் பண்ணா நானே எட்த்தாந்து குட்த்திருப்பேன்ல."

சாம்பல் வேண்டாம், விறகைப் பார்க்க வேண்டும் என்றேன். சிரித்தார். "சாம்பல்ல கூடவா சார் ஜாதி பாப்பீங்க?" என்று கேட்டுக்கொண்டே பின்கட்டுக்குக் கூட்டிப்போனார். அங்கே சவுக்கு ஒரு மூலையில் கொஞ்சம்தான் கிடந்தது. மீதி இடமெல்லாம் நீளநீளமான பலகைகள், ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. கருத்துப்போன மேல்தோலைச் சீவினால் உள்ளே லேசான பச்சை.

"அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு பழைய கம்பெனிய இட்ச்சாங்க சார். தண்ணி மேலேருந்து ஊத்தி ஆற வெக்கிற டவரு ஒண்ணு இருந்துச்சு, ஃபுல்லா மரம். சல்லிசா கெட்ச்சிச்சு. அத்தினி வருஷம் தண்ணியிலயே நின்னுகினு இருந்த மரம், ஒரு பூச்சி அரிக்கல. ஒரு புழு இல்ல. அவ்ளோ சுத்தம்."

பூச்சி ஏன் அரிக்கவில்லை என்று பூச்சியைத்தான் கேட்டிருக்க வேண்டும். இரவும் பகலும் ஈரத்தில் நிற்கிற மரம் உளுத்துப்போகாமலிருக்க, அதற்குள் மருந்தை அழுத்தி ஏற்றுவார்கள். செம்பு, குரோமியம், ஆர்செனிக் மூன்றும் சேர்ந்த மருந்து. படித்திருக்கிறேன், படித்தது முதல்முறையாகக் கண்ணெதிரே அடுக்கியிருந்தது. மரம் எரிந்தாலும் அந்த உலோகங்கள் எரிவதில்லை, சாம்பலில் உட்கார்ந்துகொள்ளும். எங்கள் ஏரிப் பச்சை செம்பின் பச்சை. அதோடு மற்ற இரண்டு நஞ்சும் அந்த வாய்க்கால்களில் தேங்கியிருக்கும். அந்தச் சாம்பலை மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு சலித்தவன் நான்தான்.

தனபாலிடம் சொன்னேன். இந்த விறகைப் போட்டு எரித்த அடுப்பில்தான் பன்னும் ரொட்டியும் வேகின்றன என்பதையும் சொன்னேன். முகம் மாறிவிட்டது. அப்புறம், இனிமேல் ஒரு குச்சிகூட அடுப்பில் போடமாட்டேன் என்று சத்தியம் செய்தார். கல்யாணச் சமையல்காரர் ஒருவர் விறகு கேட்டுக்கொண்டிருக்கிறார், அவரிடம் தள்ளிவிடுகிறேன் என்று அதே மூச்சில் சொன்னார். அவரைத் தடுத்து, யாருக்கும் கொடுக்காதீர்கள், நான் வழி சொல்கிறேன் என்று கெஞ்சிவிட்டு வந்தேன்.

ஆனாலும் சந்தேகத்தை உறுதி செய்யாமல் பேசக் கூடாது. அங்கிருந்து கொஞ்சம் பலகையை எடுத்துவந்து தனியாக எரித்தேன். சவுக்கையும் தனியாக எரித்தேன். சோதனைக்கென்று வைத்திருந்த சின்னச் சூளையில் இரண்டு சாம்பலையும் இரண்டு ஓட்டில் பூசிச் சுட்டேன். ஒன்று தேன், ஒன்று பச்சை. பச்சை ஓட்டைப் புளியில் போட்டேன், வெளிறியது. இனி யாரும் வாதாட முடியாது என்று இரண்டையும் எடுத்துக்கொண்டு எம்.டி.யின் அறைக்குப் போனேன்.

அவர் பொறுமையாகக் கேட்டார். ஓடுகளை விரலால் தடவிப் பார்த்தார்.

"அப்போ அந்த மரம்தான் காரணம்னு உறுதியா சொல்றீங்க?"

"உறுதியா சொல்றேன்."

"வேற எதுவும் இல்ல?"

"வேற எதுவும் இல்ல."

"மிச்சம் எவ்வளவு இருக்கு அவர்கிட்ட?"

ஆள் உயரத்துக்கு இருக்கிறது என்றேன். சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். சரியான ஆளிடம் சொல்லிவிட்டோம் என்ற நிம்மதியோடு வெளியே வந்தேன். அன்று வெள்ளிக்கிழமை. திங்கள்கிழமை காலை நான் உள்ளே நுழைந்தபோது எங்கள் வாசலில் ஒரு மினி லாரி நின்றிருந்தது. பலகைகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். கொட்டகைக்குப் பக்கத்தில், மழை படாமல், தார்ப்பாய் விரித்து, அழகாக அடுக்கினார்கள்.

அதுவரை அந்தப் பச்சை ஒரு விபத்து. ஒருமுறை வந்தது, மறுமுறை வராமலே போயிருக்கும். ஹோட்டல் அலுத்துப்போய் விட்டிருக்கும். அதன் காரணத்தைத் தேடி, சோதித்து, சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபித்து, விஷத்துக்குச் செய்முறை எழுதிக் கொடுத்தவன் நான். நீங்கள் ஒரு காரணத்தைக் கண்டுபிடிக்கும்போது, அதைக் கேட்கிறவர் எதற்காகக் கேட்கிறார் என்பதையும் சேர்த்துக் கண்டுபிடியுங்கள். இதை எந்தக் கல்லூரியிலும் சொல்லித் தரமாட்டார்கள்.

மறுபடி அறைக்குப் போனேன். எம்.டி. என்னை எதிர்பார்த்துத்தான் இருந்தார்.

"சாப்பிடற தட்டுன்னு நாம எங்கயும் எழுதப் போறதில்ல சார். அலங்காரப் பொருள்னு பில் போடறோம். அடியில ஸ்டிக்கரும் ஒட்டறோம். அதுக்கு மேல அவங்க அதுல சோறு போட்டா அது அவங்க இஷ்டம்."

முதல் கழுவலில் அந்த ஸ்டிக்கர் போய்விடும் என்றேன். நல்ல பசையாக வாங்கச் சொல்கிறேன் என்றார். கேலியாகச் சொல்லவில்லை. பசையைப் பற்றி உண்மையிலேயே யோசித்தார்.

என்னைப் பொறுத்தவரை அன்றைக்கு ஒரு கேள்விதான் மிச்சம் இருந்தது. இந்தத் தட்டுகள் மேசைக்குப் போகக் கூடாது. யார் தடுப்பது? தட்டில் கைவைத்தவர்கள் எல்லோரும் சேர்ந்து மறுத்தால் எம்.டி. இறங்கி வருவார் என்று நினைத்தேன். அந்தப் பிரிவு ரோஸ்லின் சொன்னால் கேட்கும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மண் பிசையும் மேசைக்குப் பக்கத்தில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். புளியில் ஊறிய துண்டைக் காட்டினேன். அவர் அதை வாங்கி, வெளிறிப்போன தம் வாய்க்கால்களின் மேல் நகத்தால் கோடு இழுத்துப் பார்த்தார். பளபளப்பு போன இடம் நகத்துக்குச் சொரசொரத்தது.

"இதுல துண்ணா எத்தினி பேரு சாவாங்க சார்?"

உடனே யாரும் சாகமாட்டார்கள் என்றேன். கொஞ்சம் கொஞ்சமாக உடம்பில் சேரும், வருடக்கணக்கில் தெரியும், தெரியாமலும் போகலாம்.

"அப்போ உடனே போறது என் வேலை மட்டும்தான்."

அவர் கோபமாகப் பேசவில்லை. அவர் வேலை ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது, வாக்குக் கொடுத்தபடி நிரந்தரக் கடிதம் தயாராகிக்கொண்டிருக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். முத்திரைக்குப் பெயரை எப்படிப் பதிப்பது என்று அவரும் கணவரும் யோசித்து, லேத்தில் சின்னதாக ஒரு பித்தளை அச்சே கடைந்துவிட்டார்கள் என்பதையும் சொன்னார். பழைய தேன் நிறத்திலேயே கொடுக்கலாம் என்று ஹோட்டல்காரரிடம் கேட்டுப் பார்க்கலாமே என்றேன். "அத்த வேணாம்னு சொல்லிட்டுத்தானே சார் இத்த கேக்குறாரு" என்றார். துண்டை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அவரைக் கோழை என்று நீங்கள் நினைத்தால், இதற்கு மேல் படிக்க வேண்டாம். எனக்கு ஓய்வு பெற்றால் ஓய்வூதியம் உறுதி, சொந்த வீடும் இருந்தது. அவை இருக்கிறவனுக்கு நியாயம் சுலபமாகக் கைக்கு எட்டும்.

இரண்டு நாள் யோசித்தேன். தொட்டியில் இருந்த கிளேஸில் காவியைக் கொட்டிக் கெடுத்துவிடலாமா என்று ஒரு முறை தோன்றியது. ஒரே தொட்டி, ஒரு வாளி காவி போதும், எல்லாம் கறுத்துப்போகும். ஆனால் பலகைகள் அடுக்கியிருக்கின்றன, அடுத்த வாரமே இன்னொரு தொட்டி கலந்துவிடுவார்கள். தொட்டியைக் கெடுப்பதால் பயனில்லை. யார் சாப்பிடப் போகிறாரோ அவர் பக்கத்தில் நிற்கிறவரிடம் சொல்ல வேண்டும்.

விடுப்பு எடுத்துக்கொண்டு, புளியில் ஊறிய துண்டை ஒரு பையில் போட்டுக்கொண்டு, பூந்தமல்லியில் பேருந்து ஏறி அந்த ஹோட்டலுக்குப் போனேன். தலைமைச் சமையல்காரர் சமையலறைக்குப் பின்வாசலில் வந்து நின்றே பேசினார். ரசாயனம் எதையும் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. துண்டைப் பார்த்ததுமே, எதில் ஊறவைத்தீர்கள் என்று கேட்டார். புளி என்றேன். ஈர மட்டத்தின் கோட்டின்மேல் கட்டைவிரலை வைத்துத் தேய்த்தார்.

"நான் இதுல மீன் குழம்புதான் வெக்கறதா இருந்தேன்" என்றார்.

உங்கள் பெயர் எங்கும் வராது என்று அவராகவே சொன்னார். சொன்னபடி நடந்தும் கொண்டார். அந்த வாரமே ஹோட்டலிலிருந்து எங்களுக்கு வந்த செய்தியில் ஒரு குறையும் சொல்லப்படவில்லை. உணவுக்கூடத்தின் அலங்காரத் திட்டம் மாறிவிட்டது, வெள்ளைத் தட்டுகளே போதும் என்று முடிவாகிவிட்டது, உங்கள் ஒத்துழைப்புக்கு நன்றி. அவ்வளவுதான்.

எம்.டி.க்குப் புரிந்துவிட்டது. என்னைக் கூப்பிட்டு அவர் கத்தவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே, உங்களை அனுப்ப முடியாது சார், சூளையை யார் பார்ப்பது என்று மட்டும் சொன்னார். நான் ஓய்வு பெறும் நாள்வரை என் சம்பளத்தில் கைவைக்கவில்லை. பொங்கலுக்கு வேட்டிகூட வழக்கம் போல வந்தது. பதிலாக, மேடு பள்ளம் போடும் பிரிவை மூடினார். ஆர்டர் இல்லாமல் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பது அவர் வாதம். கணக்கில் அது தவறே இல்லை. அதன்பின் எங்களிடமிருந்து வழவழப்பான தட்டுகள்தான் போயின. கடையில் வாங்கிய வெள்ளைக் கிளேஸ்.

பலகைகள் ஒரு நாள் காணாமல் போயின. ஒரு காண்ட்ராக்டர் எடுத்துப்போனார் என்றார்கள். முறையாகப் புதைக்க வேண்டிய பொருள் அது, அதற்கென்று இடங்கள் இருக்கின்றன என்று எழுதிக்கூடக் கொடுத்திருந்தேன். எந்த அடுப்பில் எரிந்தன என்று எனக்குத் தெரியாது. ஏதோ ஒரு கல்யாணத்தில் யாரோ அந்தப் பந்தியில் உட்கார்ந்திருப்பார்கள்.

ஏற்கெனவே சுட்டு வைத்திருந்த பச்சைத் தட்டுகளை உடைத்துவிட வேண்டும் என்று நான் பிடிவாதமாக நின்றேன். எம்.டி. ஒப்புக்கொண்டார். உடைக்கிற வேலையை அந்தப் பிரிவுக்கே கொடுத்தார். மாதக் கடைசிவரை அவர்களுக்குச் சம்பளம் உண்டு, வேறு வேலையில்லை, அதனால். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில், கொட்டகைக்குப் பின்னால் சாக்கு விரித்து உட்கார்ந்து அவர்கள் உடைத்தார்கள். மற்றப் பெண்கள் இரண்டிரண்டாக மோதி உடைத்தார்கள், பேசிச் சிரித்தார்கள்கூட. ரோஸ்லின் ஒவ்வொரு தட்டாக எடுத்து, முகத்தைக் கீழே கவிழ்த்து வைத்து, அடிப்பக்கத்தில் சுத்தியலால் ஒரே அடி அடித்தார். வாய்க்கால்களை அவர் பார்க்கவில்லை. நான் உதவிக்குக் குனிந்தபோது, "நீங்க போங்க சார், கையில குத்திக்கும்" என்றார். அதை அன்பாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியாது.

அந்த மாத முடிவோடு அவர் போய்விட்டார். தட்டின் அடியில் அவர் பெயர் ஒருநாளும் பதியவில்லை. அந்தப் பின்னல் மட்டும் இப்போது பல கடைகளில் கிடைக்கிறது. எங்கோ யாரோ படத்தைப் பார்த்து ரப்பர் உருளையில் அச்சு எடுத்துவிட்டார்கள். எல்லாத் தட்டிலும் ஒரே வாய்க்கால், ஒரே ஆழம். அதன்மேல் பூசும் பச்சை, பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிய பச்சை. பத்திரமாகச் சாப்பிடலாம்.

வேறு என்ன செய்திருக்கலாம் என்று கேட்பீர்கள். ஓய்வு பெற்ற நாளிலிருந்து நானும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். ஹோட்டலுக்குப் போகாமலிருந்தால் அந்தத் தட்டில் மீன் குழம்பு ஊற்றியிருப்பார்கள். சொல்லும்போதே ரோஸ்லினின் வேலைக்கு உத்தரவாதம் கேட்டிருக்கலாம், ஆனால் அதைக் கொடுக்க வேண்டியவர் ஹோட்டல்காரர் இல்லை. நாங்களே பாதுகாப்பான பச்சை ஒன்றை உருவாக்கக் காலம் கேட்டிருக்கலாம். எம்.டி.யிடம் அதையும் கேட்டேன், ஹோட்டல் மார்கழிக்குள் கேட்கிறது என்றார். ஒவ்வொரு வழியாகப் போய்ப் பார்த்துவிட்டேன், எல்லாம் அதே இடத்தில் வந்து முட்டுகிறது. நாளைக்கே அதே சூளையைத் திறந்தாலும் அதே ஹோட்டலுக்குத்தான் பேருந்து ஏறுவேன். உங்களுக்கும் அதையேதான் சொல்வேன். அதைச் செய்துவிட்டால் மனம் குளிர்ந்துவிடும் என்று மட்டும் நான் சொல்லமாட்டேன்.

போன வைகாசியில், ஒரு புதன்கிழமை மாலை, பூந்தமல்லி பேருந்து நிலையத்தில் ரோஸ்லினைப் பார்த்தேன். திருமழிசைப் பக்கம் ஒரு பொருள் கிடங்கில் பெட்டி கட்டும் வேலை என்றார். கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. விரல்களில் ஒட்டுநாடா வெட்டிய தழும்புகள். கணவர், பிள்ளைகள் எல்லோரையும் விசாரித்தேன், எல்லாவற்றுக்கும் நல்லபடியாகவே பதில் சொன்னார். ஆவடிப் பேருந்து வந்து நின்றது. கூட்டம் முண்டியடித்தது, அவர் அவசரப்படவில்லை. நான் ஏதோ சொல்லத் தொடங்கினேன், அந்தத் தட்டுகளைப் பற்றித்தான். கையைச் சற்றே உயர்த்தி நிறுத்தினார்.

"நீங்க செஞ்சது கரெக்ட்டு சார். எங்க ஊட்லயும் அவரு அதான் சொல்றாரு. சர்ச்ல ஃபாதர் கிட்ட கூட கேட்டேன், அவரும் கரெக்ட்டுன்னுதான் சொன்னாரு. எல்லாரும் சொல்லிட்டோம். போதுமா?"

நான் பதில் சொல்வதற்குள் படியேறிவிட்டார். ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. நான் நின்ற பக்கம்தான் அந்த ஜன்னல். பேருந்து கிளம்பும்வரை அவர் நேராக முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தார்.